கடைசி பெஞ்சில் வந்து நின்ற சமாதானம்

என் வலது கையில் மருந்து வாசம் அடிக்கிறது. வெளியூர்க்காரர்களுக்கு மருந்து என்றால் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். நமக்கு அது பட்டாசு அறையில் கலக்குகிற பொடி. கந்தகமும் அலுமினியமும் மனுஷ வியர்வையும் சேர்ந்த இந்த வாசத்தை நம் பக்கத்தில் பிறந்த யாரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள். உள்ளங்கை ரேகைகளுக்குள் கொஞ்சம் வெள்ளி மினுங்கவும் செய்கிறது. காலையில் ஆலயத்திலிருந்து வந்தவன் இன்னும் கை கழுவவில்லை. மத்தியானச் சோறு மூடி வைத்தபடி இருக்கிறது. சாப்பிடுவதற்குள் உனக்கு எழுதிவிட வேண்டும்.

நீ இருந்த கடைசி வருஷங்களில் உன்னோடு பேசாதவன், நீ போன பிறகு உட்கார்ந்து எழுதுகிறான். நீ சிரிப்பாய். "ஏலே வாத்தி, ஆளு இல்லாத வீட்டுக் கதவத் தட்டுதியாக்கும்" என்பாய். தட்டுகிறேன். கேட்டுக்கொள்.

நான் சுலபமாக மறக்கிற ஆள் இல்லை என்பது உனக்குத் தெரியும். எனக்கு வரவேண்டிய பதவி உயர்வைத் தடுத்த தலைமையாசிரியர் ஓய்வு பெற்று, சாத்தூர் ஸ்டேஷன் பக்கம் பேரப்பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறார். அவரைக் கண்டால் இன்றும் தெருவின் எதிர்ச் சாரிக்குப் போய்விடுகிறேன். என் கல்யாணத்தில் சாப்பாடு சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்ன சித்தப்பா வீட்டில் நான் இன்றுவரை பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. இவையெல்லாம் சின்னக் கோபங்கள். பெரியது உன்மேல்தான் இருந்தது. அதற்குப் பக்கத்தில் மற்றவை நின்றுகொள்ளக்கூட இடம் போதவில்லை.

அதற்கு முன்னால் நாம் எப்படி இருந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஒரே பெஞ்ச். நான் வேதியியல் படித்து வாத்தியாரானேன். நீ பத்தாம் வகுப்போடு திருத்தங்கல் போகிற வழியில் இருந்த பட்டாசுக் கம்பெனிக்குப் போய்விட்டாய். போர்மேன் தேர்வு எழுத வேண்டும் என்று நீ வந்து நின்றபோது, என் வீட்டு மாடியில் ஒரு கோடை முழுவதும் உனக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான். கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள்ளேயே சூடாகும், கைபட்டாலே போதும் என்று நான் சொன்னதை நீ உன் பாஷையில் திருப்பிச் சொன்னாய்: "புதுசாக் கட்டிக்கிட்டு வந்த மருமக மாதிரி. அன்னன்னைக்கு உள்ளத அன்னன்னைக்கே பேசி முடிச்சிரணும். ராத்திரி தங்க விட்டா மறுநாள் வெடிச்சிரும்." அந்தப் பதிலைத் தேர்வில் எழுதிவிடாதே என்று நான் கெஞ்சினேன். நீ தேறிவிட்டாய். என் தம்பி எட்வின் படிப்பில் நிற்காமல் சுற்றிக்கொண்டிருந்தபோது, நீதான் அவனை உன் கம்பெனியில் சேர்த்துவிட்டாய். எங்கள் அம்மா உனக்குக் கறிக்குழம்பு வைத்துப் போட்டாள். எட்வினுக்கு நீ அண்ணன். சில நாட்களில் என்னைவிட நீதான் அவனுக்கு அண்ணன்.

நடந்ததைச் சுருக்கமாக எழுதுகிறேன். உனக்கு அது தெரியும். இந்த மடலை வேறு யாராவது படித்தால் அவர்களுக்கும் தெரியவேண்டும்.

தீபாவளிக்கு முந்திய சீசன். அன்று மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு வேலை நின்றுபோனது. கலந்த மருந்து ஒரு தட்டில் மிஞ்சியிருந்தது. சாயங்காலத்துக்குள் அதை அழித்துவிட வேண்டும் என்பது விதி. ஆர்டர் நெருக்கியது. திரும்பக் கலக்க நேரமில்லை என்று, தட்டைத் தாளால் மூடி அறையிலேயே வைக்கச் சொன்னாய். மறுநாள் காலையில் முதலில் உள்ளே போனவன் எட்வின். அவன் தட்டை நகர்த்தினான். அந்தச் சத்தம் ஆலங்குளம் ரோடு வரைக்கும் கேட்டது என்றார்கள். எரிகிற அறைக்குள் ஓடிப்போய் அவனை வெளியே இழுத்தவன் நீ. உன் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோனது. மதுரை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியிலேயே எட்வின் போய்விட்டான்.

இதுவரை நடந்ததற்காக நான் உன்னை வெறுத்தேனா என்று பல தடவை யோசித்திருக்கிறேன். வெறுத்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. நம் பக்கத்தில் இப்படி நடக்காத தெரு கிடையாது. அதற்குப் பிறகு நீ செய்ததுதான்.

அடக்கம் முடிந்த வாரத்தில் நீ எங்கள் வீட்டுக்கு வந்தாய். இரண்டு கையிலும் மணிக்கட்டுவரை கட்டு. நடுமத்தியானம். அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். நீ அவள் எதிரில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் சொன்னாய்.

"பெரியம்மா, மிச்ச மருந்த வைக்கச் சொன்னது நாந்தான். அழிச்சிருவோம்ணேன்னு எட்வின் சொன்னான். நான் கேக்கல."

அம்மா சத்தம் போட்டு அழுதாள். நீயும் அழுதாய். நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன். விசாரணைக்கு அதிகாரிகள் வரப்போவது எனக்குத் தெரியும்.

"இத அங்க வந்து சொல்லுவியா?" என்று கேட்டேன்.

நீ தலையைத் தூக்கவில்லை. "சொன்னா லைசென்ஸ் போயிரும்லே. தீவாளிக்கு முந்திக் கம்பெனிய மூடிருவாக. அம்புட்டுக் குடும்பமும் ரோட்டுல நிக்கும்."

"உன் குடும்பமும்னு சொல்லு."

"ஆமா. எங்குடும்பமுந்தான். நான் இல்லன்னு சொல்லலயே."

"அப்ப எதுக்கு இங்க வந்த?"

"மன்னிப்புக் கேக்கத்தான் வந்தேன்."

"ஊருக்கு ஒண்ணு, வீட்டுக்கு ஒண்ணா? போயிரு. எந்திரிச்சுப் போயிரு."

அப்போது அம்மா எழுந்தாள். உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். கட்டுப் போட்ட கையால் உன்னால் செம்பைப் பிடிக்க முடியாது. அவளே உன் முகவாயைப் பிடித்து நிமிர்த்தி, வாயில் தண்ணீர் ஊற்றினாள். எட்வின் சின்னப் பிள்ளையில் காய்ச்சலாகக் கிடந்தபோது அவனுக்கு ஊற்றியது போலவே. நான் வாசலுக்குப் போய்விட்டேன். அந்தத் தண்ணீர் கொடுத்ததற்காக அம்மாவையும் நான் நெடுநாள் பொறுக்கவில்லை.

விசாரணையில் நீ என்ன சொன்னாய் என்பது பேப்பரில் வந்தது. தொழிலாளியின் கவனக்குறைவு. என் தம்பி தனக்குத் தானே சாவைத் தேடிக்கொண்டான் என்று அதற்கு அர்த்தம். டீக்கடையில் ஒருவர் என்னிடமே வந்து, "பசங்க சொன்ன பேச்சு எங்க கேக்கானுக சார்" என்று ஆறுதல் சொன்னார். கம்பெனி மூடவில்லை. தீபாவளிக்கு எல்லா லோடும் போய்விட்டது.

அதன்பிறகு ஆலயத்தில், ஆண்டவர் கற்றுக்கொடுத்த ஜெபத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லும்போது, நாங்கள் பிறரை மன்னிப்பதுபோல எங்களையும் மன்னியும் என்று கேட்கிற இடம் வந்தால் நான் வாயை மூடிக்கொள்வேன். பொய் சொல்லக்கூடாது என்றுதான். மன்னிக்காதவன் அந்த வரியைச் சொன்னால் தனக்குத் தானே தண்டனை கேட்டுக்கொள்வதாகும் என்கிற அளவுக்கு எனக்குத் தமிழ் தெரியும். வரி தாண்டியதும் மறுபடி சேர்ந்துகொள்வேன். பக்கத்தில் உட்கார்ந்தவருக்கு இருமல் என்று தோன்றியிருக்கும்.

இடத்தையும் மாற்றிக்கொண்டேன். அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்து நாளில் சமாதானம் கொடுக்கிற முறை நம் சபையில் எப்படி என்பது உனக்குத் தெரியும். போதகர் பீடத்தருகே தொடங்கி வைப்பார். ஒருவர் கைக்குள் ஒருவர் கையை வைத்து வாங்கி, திரும்பி அடுத்தவருக்குக் கொடுக்க, பெஞ்ச் பெஞ்சாக அது பின்னால் வரும். நீ இடது பக்கம் ஜன்னலோரம் உட்காருவாய். நான் வலது பக்கம் கடைசி பெஞ்சில், வாசலை ஒட்டிய ஓரத்துக்குப் போய்விட்டேன். உன்னிடமிருந்து எந்த வழியாகவும் அது எனக்கு வராது. இன்னொரு வசதியும் இருந்தது. எல்லாருக்கும் போய், கடைசியாக என்னிடம் வந்து அது நின்றுவிடும். நான் வாங்கிக்கொண்டால் போதும். யாருக்கும் கொடுக்க வேண்டியதில்லை.

ஒரே ஒரு தடவை அந்த ஏற்பாடு தவறியது. ஆலயத்துக் கூரையைப் பிரித்துப் போட்டிருந்த சமயம். வெளியே பந்தலில் நாற்காலி போட்டு ஆராதனை. அவரவர் வழக்கமான இடம் என்று ஒன்றும் இல்லை. அம்மா எனக்கு வலது பக்கம். இடது பக்கத்து நாற்காலி காலி. நீ எப்போதும்போலப் பிந்தி வந்தாய். ஆலயத்தைக் கூட்டிப் பெருக்கி மணியடிக்கிற கோயில்பிள்ளைதான், பாவம், எதுவும் நினைக்காமல் அந்த நாற்காலியைக் காட்டினார். நீ உட்கார்ந்தாய். நான் எழுந்து போயிருக்கலாம். எல்லாரும் பார்ப்பார்கள் என்று உட்கார்ந்திருந்தேன்.

சமாதானம் வந்தது. நீ வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினாய். இரண்டு கையையும் நீட்டினாய். வெந்து ஆறிய உள்ளங்கையை அன்றுதான் முதன்முதலாகப் பக்கத்தில் பார்த்தேன். பாலித்தீன் பையைத் தீயில் காட்டியது போலச் சுருங்கி, ரேகையே இல்லாமல், வழுவழுவென்று இருந்தது. என் கைகளை நான் மடியிலேயே வைத்துக்கொண்டேன். நீ நீட்டியபடி இருந்தாய். பின்னால் யாரோ தொண்டையைச் செருமினார்கள். எனக்கு அந்தப் பக்கம் அம்மாவும், அவளுக்கு அப்பால் அந்த வரிசை முழுவதும் கையை விரித்துக்கொண்டு காத்திருந்தது.

அம்மாதான் என் மார்புக்குக் குறுக்கே கையை நீட்டினாள். என்னை ஒரு கம்பிக் கதவுபோலத் தாண்டி, உன் கையைப் பிடித்து வாங்கிக்கொண்டு, திரும்பி அடுத்தவளுக்குக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தோம். செருப்பைக் கழற்றும்போது சொன்னாள்: "ஒனக்கு வேண்டாம்னா வேண்டாம்லே. எனக்கு வரவேண்டியத எதுக்கு மறிக்க?"

எனக்கு அன்று கோபம்தான் வந்தது. மன்னிப்பைப் பற்றிய பிரசங்கம் எப்போதும் இழந்தவனுக்கே செய்யப்படுகிறது என்பது என் நெடுநாள் ஆத்திரம். ஒரு போதகர் வீட்டுக்கே வந்து, "மன்னிச்சிருங்க சார், பாரம் எறங்கிரும்" என்றார். "இதே பிரசங்கத்த அவன் வீட்டுலயும் போய்ச் செய்யுங்க ஐயா. போய் உண்மையச் சொல்லுன்னு சொல்லுங்க" என்றேன். அவர் காப்பி தம்ளரைக் கீழே வைத்தார். "அங்க போயிட்டுத்தான் சார் வாறேன். அவரும் உங்கள மாதிரித்தான் சொல்லுதாரு. முடியல ஐயான்னு." நம் இருவருக்கும் ஒரே வியாதி என்று அவர் சொல்லாமல் சொன்னதை நான் ரசிக்கவில்லை. அவர் மாற்றலாகிப் போன பிறகும் அது மட்டும் என்னோடு இருந்தது.

நியாயமாகப் பார்த்தால், மன்னிப்பு என்பது நடந்ததைச் சரி என்று சொல்வதாகிவிடும் என்றுதான் நான் பயந்தேன். என் கையை உனக்குக் கொடுத்துவிட்டால், கவனக்குறைவு என்ற அந்தச் சொல்லுக்கும் நானே ஒப்புதல் கொடுத்ததாகும். எட்வினுக்காகக் கோபப்பட உலகத்தில் நான் ஒருவன்தான் மிச்சம். நானும் விட்டுவிட்டால் அவன் ஆளில்லாமல் போய்விடுவான். இதை இப்போது எழுதும்போதுகூட எனக்குத் தவறாகத் தெரியவில்லை.

பிறகு நீ சிறுநீரகம் கெட்டுப் படுத்தாய். ஆலயத்துக்கு வரமுடியாதவர்களுக்குத் திருவிருந்தை வீட்டுக்குக் கொண்டுபோவது வழக்கம். போதகரோடு சபைக் கமிட்டியில் ஒருவர் போக வேண்டும். அந்த மாதம் முறை என்னுடையது. உடம்பு சரியில்லை என்று சொல்ல வாய்வரைக்கும் வந்தது. முறையை மாற்றிக் கேட்டால் ஏன் என்று கேட்பார்கள். போனேன்.

உன் வீட்டு முன்னறையில் கட்டில். வயிறு வீங்கி, முகம் வற்றிக் கிடந்தாய். என்னைப் பார்த்ததும் உன் மனைவி பயந்துபோய் நாற்காலியைத் துடைத்தாள். நீ மட்டும் பழையபடியே, "வாங்க சார், வாங்க. கமிட்டி மெம்பரே வந்திருக்கீக. சீக்கு வந்தாத்தான் மருவாதி போல" என்றாய். போதகருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை.

சமாதானம் கொடுக்கிற இடம் வந்தது. போதகர் எனக்குக் கொடுத்தார். அறையில் எனக்கு அடுத்தது நீ. கொடுக்க வேண்டியவன் நான். பந்தலில் நடந்ததற்கு நேர் தலைகீழ். இப்போது நான் நிறுத்தினால் மறிபடுவது சாகக் கிடக்கிற ஒருவனுக்கு. போதகர் புத்தகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கொடுத்தேன். உன் கையை என் இரண்டு கைக்குள்ளும் வைத்தேன். அந்த வழுவழுப்பு குளிர்ந்திருந்தது. நீ கையை விடாமல், என் முகத்தைப் பார்த்து, மெதுவாகக் கேட்டாய்:

"முறைக்கா, நெசமாவா?"

நான் பொய் சொல்கிறவன் இல்லை. "முறைக்குத்தான்" என்றேன்.

உன் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். நீ சிரித்தாய். இருமலோடு சேர்ந்து வந்த சிரிப்பு. "போதும்லே. முறைக்கு வாற டவுன் பஸ்ஸும் ஊருல கொண்டுபோய் விட்டுரும்ல" என்றாய்.

சீக்கிரமே நீ போய்விட்டாய். அடக்கத்துக்கு வந்தேன். மண் போட்டேன். எல்லாரும் போடுகிறார்களே என்று போட்டேன். அதுவும் முறைக்குத்தான்.

இனி இன்று காலை நடந்தது.

மறுபடியும் சீசன். திருவிருந்து நாள். என் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். அம்மா இப்போது ஆலயத்துக்கு வருவதில்லை. இடுப்பெலும்பு முறிந்து படுக்கையில் இருக்கிறாள். கண்ணும் மங்கிவிட்டது. ஆனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறாள். நான் ஆராதனை முடிந்து வந்ததும் கையை நீட்டுவாள். ஆலயத்தில் வாங்கிய சமாதானத்தை நான் வீட்டுக்குக் கொண்டுவந்து அவளுக்குக் கொடுக்க வேண்டும். "யாருலே குடுத்தா?" என்று கேட்பாள். போஸ்ட் மாஸ்டர் கொடுத்தார், கோயில்பிள்ளை கொடுத்தார் என்பேன். சரி என்பாள். அவள் கேட்க விரும்பிய பேர் எது என்று எனக்குத் தெரியும். அந்தப் பேரைச் சொல்ல வாய்ப்பில்லாத இடத்தில்தான் நான் உட்கார்ந்திருந்தேன்.

சமாதானம் பெஞ்ச் பெஞ்சாக வந்து, போஸ்ட் மாஸ்டர் கையிலிருந்து எனக்கு வந்து, வழக்கம்போல நின்றது. அப்போது முதுகுக்குப் பின்னால் செருப்பு கழற்றும் சத்தம். திரும்பினேன். உன் மகன் ஜோயல். தலை ஈரம் சொட்டுகிறது. விடியற்காலையில் மருந்து கலந்துவிட்டு, அவசரமாகக் குளித்துவிட்டு ஓடிவந்திருக்கிறான். உன்னைப்போலவே பிந்தி வருகிறான். பெஞ்சில் இடம் இல்லாமல் வாசல் நிலையை ஒட்டி நின்றான். எல்லாருக்கும் கொடுத்து முடிந்துவிட்டது. அவனுக்கு வரவில்லை. அவனுக்குக் கொடுக்கக்கூடிய இடத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

அவன் எதிர்பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். பந்தலில் நடந்தபோது அவன் சிறுவன். ஆனாலும் அவன் வீட்டில் அது பேசப்பட்டிருக்கும். நான் பேசாமல் முன்பக்கம் திரும்பிக்கொண்டிருந்தால் யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. அம்மா என் மார்புக்குக் குறுக்கே நீட்டிய கை நினைவுக்கு வந்தது. இப்போது நீட்ட அவள் இங்கே இல்லை.

எழுந்து, கையை நீட்டினேன்.

ஜோயல் இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோனான். "கையில மருந்து பெரியப்பா. சரியாப் போகல."

"பரவால்ல. குடு."

கொடுத்தான். அவன் கை சூடாக இருந்தது. உள்ளங்கையில் ரேகை எல்லாம் ஒழுங்காக இருந்தது.

பிறகு அந்த ஜெபம் வந்தது. அந்த வரியும் வந்தது. என் வாய் பழக்கப்படி மூடிக்கொண்டது. பின்னால் ஜோயல், உன் குரலில், சத்தமாகச் சொன்னான். சபை அடுத்த வரிக்குப் போன பிறகு நான் சொன்னேன். என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது. போஸ்ட் மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். இந்தத் தடவை இருமல் என்று நினைத்திருக்க மாட்டார்.

ஆராதனை முடிந்து, வேப்பமரத்தடியில் ஜோயல் எனக்காக நின்றான்.

"பெரியப்பா, ஒண்ணு சொல்லணும். என்னைய மொத நாளு வேலைக்குக் கூட்டிட்டுப் போனப்பவே அப்பா அந்த அறையில வச்சுச் சொன்னாரு. மருந்த வைக்கச் சொன்னது நான், வேண்டாம்னது எட்வின் சித்தப்பா, வெளிய நான் பொய் சொல்லிட்டேன்னு. எங்கன வந்து சொல்லணும்னாலும் நான் வந்து சொல்லுதேன்."

நான் இத்தனை வருஷம் உன்னிடம் கேட்டது இதைத்தான். கேட்டது கிடைத்தால் என்ன செய்வது என்று நான் யோசித்து வைத்திருக்கவில்லை. நீ அதிகாரியிடம் சொல்லாததை மகனிடம் சொல்லியிருக்கிறாய். இரண்டும் சமம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் தன்னைப் பெரிய ஆளாக நினைக்கிற மகனிடம், முதல் நாளே, அதே அறையில் நின்று சொல்வதும் சின்னக் காரியமில்லை. எனக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். தெரியும்.

"சொல்லத்தான் வேணும். எங்க, எப்படின்னு பேசுவோம்" என்றேன். "மொதல்ல ஒண்ணு கேக்கேன். மிச்ச மருந்த என்ன செய்யுத?"

"அழிச்சிட்டுத்தான் பெரியப்பா வீட்டுக்குப் போவேன். மழையானாலும் சரி. அப்பாவும் அதுக்கப்புறம் அப்படித்தான். அம்மா திட்டும், சோறு ஆறிப்போவுதுன்னு."

"ஆறட்டும்" என்றேன்.

வீட்டுக்கு வந்தேன். அம்மா கையை நீட்டினாள். கொடுத்தேன். வழக்கம்போல, "யாருலே குடுத்தா?" என்று கேட்டவள், என் பதிலுக்கு முன்பே நிறுத்திவிட்டாள். என் கையை மூக்கருகே கொண்டுபோனாள். அந்தக் காலத்தில் எட்வின் வேலை விட்டு வந்ததும் அவன் கையைப் பிடித்து, "சோப்புப் போட்டுக் கழுவுனியா?" என்று மோந்து பார்ப்பாள். அதே மாதிரி மோந்தாள்.

"குடுத்தது நாந்தாம்மா. வாங்குனது ஜோயலு" என்றேன்.

அவள் வெகுநேரம் என் கையை விடவில்லை. அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. நான் கை கழுவப் போகிறேன் என்று நினைத்தாளோ என்னவோ, "இருக்கட்டும்லே, சோறு அப்புறம் திங்கலாம்" என்றாள். என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். மெதுவாக உருவிக்கொண்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

நீ இருந்தால் இந்த இடத்தில் கட்டாயம் கேட்பாய். முறைக்கா, நெசமாவா?

உன்னிடம் இனியும் பொய் சொல்ல மாட்டேன். கவனக்குறைவு என்ற அந்தச் சொல் இன்னும் விசாரணைக் காகிதத்தில் இருக்கிறது. அதை எடுக்காமல் நான் விடப்போவதில்லை. உன் மகன் கூட வருவான். தலைமையாசிரியரைக் கண்டால் நாளைக்கும் எதிர்ச் சாரிக்குத்தான் போவேன் என்று நினைக்கிறேன். உன்மேல் இருந்த கோபத்தை இன்று காலையிலிருந்து தேடிப் பார்க்கிறேன். இருக்கிறது. ஆனால் அதைக் கையில் எடுக்கப் போனால், கட்டுப் போட்ட கையோடு தண்ணீர் குடித்த உன் முகவாய் முன்னால் வந்து நிற்கிறது. அந்தச் செம்பை நான் பிடித்திருக்கலாம்.

முறைக்குத்தான் எழுந்தேன். கை நீட்டியபோது முறை எங்கேயோ போய்விட்டது. அதற்குமேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இந்தத் தாளின் ஓரத்தில், நான் பிடித்த இடமெல்லாம் வெள்ளி ஒட்டியிருக்கிறது. சோறு ஆறிவிட்டது. அம்மா விழிக்கட்டும். இடது கையால் எடுத்து அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, அப்புறம் கழுவிக்கொள்கிறேன்.